பந்து வந்த வழி



தகரக் கூரை ஒழுகும் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீர் சொட்டுவது கட்டிலுக்கு மேலே. ஓட்டை இருப்பதோ அடுப்படிப் பக்கம். மழைநீர் சட்டத்தின் வழியே ஓடிவந்து, தனக்கு வசதியான இடத்தில் இறங்குகிறது. சொட்டும் இடத்திலேயே தாரைப் பூசிக்கொண்டிருந்தால் ஒழுக்கு நிற்காது. காற்பந்தில் கோல் விழுவதும் ஏறக்குறைய இப்படித்தான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் காற்பந்து நிர்வாக விளையாட்டு.

“வாத்தியாரே இதற்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாரே” என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். பாடம் முடித்த பிறகுதான் விளையாட்டு. அதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் பிள்ளை பந்தை உதைப்பதில்லை. அவன்தான் அணியின் நிர்வாகி. பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து, யார் எங்கே நிற்பது, எதுவரை முன்னேறுவது என்று கட்டளை கொடுத்துவிட்டு, ஆட்டத்தைத் திரையில் பார்க்கிறான். இங்கிலாந்தில் பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 1992இல் வெளிவந்தது. அவர்கள் தொடங்கிய நிறுவனம் 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் இதை உருவாக்கி வருகிறது.

என் பழைய மாணவன் ஒருவன், இப்போது படிவம் நான்கில் படிப்பவன், ஒருநாள் என்னிடம் வந்து முறையிட்டான். “சார், என் டீம் மூணு கோல் போடுது, நாலு கோல் வாங்குது.” என்ன செய்தாய் என்று கேட்டேன். கோல் காவலரை விற்றுவிட்டு, அதிக விலையில் வேறொருவரை வாங்கினானாம். பிறகு மத்தியத் தற்காப்பாளர் இருவரையும் மாற்றினானாம். பணம் தீர்ந்தது, கோல் மட்டும் நிற்கவில்லை.

“யார் விட்டது என்று பார்க்காதே; எங்கிருந்து வந்தது என்று பார்” என்றேன். கடைசியாக வாங்கிய பத்து கோல்களையும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய பத்து விநாடியிலிருந்து திருப்பிப் போட்டுப் பார்த்தோம். நோட்டுப் புத்தகத்தில் திடலை வரைந்து, நம் அணி பந்தைப் பறிகொடுத்த இடத்தில் ஒரு புள்ளி, கோலுக்கு வழிவிட்ட பந்து புறப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தோம். பத்தில் ஆறு, வலது ஓரத்திலிருந்து வந்தவை.

காரணம் விளங்கிவிட்டது. அவன் இரு ஓரத்துத் தற்காப்பாளர்களையும் ‘தாக்குதல்’ கட்டளையோடு மேலே அனுப்பியிருந்தான். வலது பக்கத்தில் அவருக்கு முன்னால் நின்ற ஆட்டக்காரரோ திரும்பி வந்து உதவும் பழக்கம் இல்லாதவர். பந்து பறிபோனவுடன் அந்தப் பக்கம் ஆளில்லாத வெளி. எதிரணி அங்கே பந்தை அனுப்புகிறது. மத்தியத் தற்காப்பாளர் தம் இடத்தை விட்டு ஓரத்துக்கு ஓடுகிறார். கோல் வாய் திறந்துகொள்கிறது. ஓரத்திலிருந்து வரும் பந்தை யாரோ ஒருவர் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். திரையில் கண்ணுக்குத் தெரிவது, காவலர் தரையில் கிடப்பது ஒன்றுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வலது ஓரத்தவரைப் பின்னால் நிறுத்தி, இடது ஓரத்தவரை மட்டும் அனுப்பலாம். அல்லது இருவரையும் அனுப்பிவிட்டு, மத்தியத் திடலில் ஒருவரைத் தற்காப்பாளர்களுக்கு முன்னால் காவலாக உட்கார வைக்கலாம். இரண்டுக்கும் விலை உண்டு: தாக்குதலில் ஓர் ஆள் குறைவார். இவனுடைய மத்தியத் தற்காப்பாளர்கள் வேகம் குறைந்தவர்கள் என்பதால் முதல் வழியையே சொன்னேன்.

அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்சி கொடுத்த பள்ளி அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. திடலிலேயே, எல்லாரும் பார்க்க, கோல் காவல் நின்ற சிறுவனைத் திட்டிவிட்டேன். அவன் அதன்பின் விளையாட வரவே இல்லை. கோட்டோரத்தில் நின்றுகொண்டு இரு ஓரத்துப் பையன்களையும் “மேலே போ, மேலே போ” என்று விரட்டியவன் நான். இப்போது அவன் லாரி ஓட்டுகிறான். சென்ற மாதம் பார்த்தபோது இதைச் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேனே சார், அந்தப் பக்கம் ஆளே இல்லேன்னு. நீங்கதான் கேக்கல” என்றான்.

இனித் தற்காப்பு வரிசைக்கு வருவோம். வரிசையை மேலே ஏற்றி வைத்தால் எதிரணிக்கு இடம் குறையும். ஆனால் தலைக்கு மேலே போகும் நீண்ட பந்தைத் துரத்திப் பிடிக்க வேகமான கால்கள் வேண்டும். அவை இல்லையென்றால் வரிசையைக் கீழே இறக்குவதுதான் முறை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பின்வரிசையை இறக்கிவிட்டு, முன்வரிசையை மட்டும் எதிரணியின் கோல் வரை நெருக்கச் சொல்கிறார்கள். நடுவில் பெரும் வெளி உண்டாகி, எதிரணிக்காரர் அங்கே நின்று நிதானமாகத் திரும்பிப் பந்தை அனுப்புகிறார். இறக்கினால் இரண்டு வரிசையையும் சேர்த்தே இறக்க வேண்டும். 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பில், பந்து நம்மிடம் உள்ளபோது ஓர் அணிவகுப்பு, இல்லாதபோது வேறோர் அணிவகுப்பு என்று தனித்தனியே அமைக்கலாம். பந்து இல்லாதபோது யார் எங்கே நிற்பார் என்று பிள்ளை அதிலே எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

1980இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற ஆட்டத்தை என் தந்தையார் அடிக்கடி சொல்வார். புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்ததால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. அந்த ஏக்கம் அவருக்கு இறுதிவரை இருந்தது. கோல் காவலில் ஆர். ஆறுமுகம், அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். “ஒருத்தன் பந்துக்குப் போனா, இன்னொருத்தன் பின்னால நிப்பான்” என்பார் அப்பா. ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் புகழாதவர் இல்லை. அப்பா மட்டும் அந்த இருவரைப் பற்றித்தான் பேசுவார்.

மற்றொன்று: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். அதை வைத்து நான்கைந்து ஆட்டம் பார்க்க வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றி வென்றாலும், எது உதவியது என்று தெரியாது. எழுபதாம் நிமிடத்துக்குமேல் கோல் விழுந்தால், அமைப்பைக் கலைக்குமுன் களைத்தவர் யார் என்று பார்த்து ஆளை மாற்றட்டும். என் மாணவன் வலது பக்கத்தை அடைத்துவிட்டான். மூலை உதையில் மட்டும் இன்னும் கோல் வாங்குகிறான். அதற்கும் நோட்டில் படம் வரைந்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை திரைமுன் தலையில் கைவைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பத்து விநாடியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பந்து பறிபோனபோது ஓரத்தில் யார் நின்றார் என்று கேளுங்கள்.