உங்களுக்குத் தெரியுமா? ஒரே விலாசத்தில் 18,857 நிறுவனங்கள்!

கேமன் தீவுகளின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் 'அக்லேண்ட் ஹவுஸ்' என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. 2008-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தபோது, அந்த ஒரே விலாசத்தில் பதிவாகியிருந்த நிறுவனங்கள் 18,857. அத்தனை பேருக்கும் நாற்காலி போட இடமேது? எல்லாம் காகிதக் குடித்தனம்தான்! காரணம், அங்கே நிறுவன வருமானத்துக்கு வரியே இல்லை.

இந்த விளையாட்டுக்குக் கடிவாளம் போட, 2021 அக்டோபரில் 136 நாடுகள் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தன. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டு நிறுவனங்கள் எங்கே தொழில் செய்தாலும் குறைந்தது 15% வரி கட்ட வேண்டும். 12.5 சதவீதத்தைக் காட்டியே கம்பெனிகளை இழுத்துவந்த அயர்லாந்துகூட, கடைசி நேரத்தில் இறங்கி வந்தது.

சூட்சுமம் எளிது. ஒரு கிளை 100 ரூபாய் லாபத்துக்கு வெளிநாட்டில் 5 ரூபாய்தான் வரி கட்டியதா? மீதி 10 ரூபாயைத் தாய் நிறுவனத்தின் நாடு வசூலித்துக்கொள்ளலாம். 'நாம் விட்டுக்கொடுத்தால் அடுத்தவன் அள்ளுவான்' என்று ஆகிவிட்டதால், நிறுவன வருமான வரியே இல்லாதிருந்த பெர்முடாவும் 2025 முதல் பெரிய நிறுவனங்களுக்கு 15% போட்டுவிட்டது.

2021-ல் சம்மதிக்காமல் ஒதுங்கிய நாடுகள் நான்கு: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. அமெரிக்காவோ பேச்சுவார்த்தையில் முன்னால் நின்றது. ஆனால் 2025-ல் தன் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டு, ஜி-7 நாடுகளைத் தலையாட்ட வைத்தது.