அரக்கில் பதிந்த இருமல்

தாத்தாவின் சொத்தில் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். எல்லாம் 78 சுற்று வகை. கையில் எடுத்தால் பீங்கான் தட்டுப்போல் கனக்கும், கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகும். அப்படி நான் கைதவறி உடைத்த ஒன்றின் விளிம்பைத் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தேன். தபாலாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்கும்போது ஒரு வாசனை வருமே, அதே வாசனை. அரக்கு.

பாண்டவர்களை எரித்துவிடத் துரியோதனன் கட்டிய மாளிகையும் இந்தச் சரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரங்களின் கொப்பில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு பொடிப் பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. சோட்டா நாக்பூர் காடுகளில் கொப்போடு ஒடித்துச் சுரண்டி, உருக்கி வடித்துக் கப்பலேற்றினார்கள். அதோடு கல்தூளும் விளக்குக்கரியும் கொஞ்சம் பஞ்சு நாரும் கலந்து, சூட்டோடு அச்சில் அழுத்தினால் இசைத்தட்டு. 1948இல் வினைல் எல்பி வரும்வரை உலகின் மகா கலைஞர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள் நுழைந்தது இந்தப் பூச்சியின் பிசினில் ஏறித்தான்.

உடைந்த சில்லை ஒரு பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக உழவுச்சால் மாதிரி பள்ளங்கள். நேராகப் போகாமல் இடமும் வலமுமாக நெளிகின்றன. ஒரு பக்கத்தில் இருக்கும் பள்ளம் மொத்தமும் ஒரே கோடுதான். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுழன்று போகும் அதை நீட்டி விரித்தால் நூறு மீட்டரைத் தாண்டும். சின்ன வயதில் என்னைப் படுத்திய கேள்வி இதுதான்: வயலின், மிருதங்கம், தம்பூரா, பாட்டு எல்லாம் இருக்கும்போது கோடு ஒன்றே ஒன்றுதானே இருக்கிறது?

கோயில் குளத்தில் ஒரு தக்கையை மிதக்கவிடுங்கள். ஒரு மூலையில் ஒருவர் துணி துவைக்கிறார், இன்னொரு மூலையில் பையன்கள் குதிக்கிறார்கள், நடுவே மீன் துள்ளுகிறது. எல்லா அலையும் தக்கையிடம் வந்து சேரும். ஆனாலும் தக்கையால் மூன்று விதமாக ஆட முடியாது. எல்லாம் கூடிக் கழிந்த ஒரே ஆட்டம்தான் அது ஆடும். நம் செவிப்பறையும் அப்படித்தான். கச்சேரி மேடையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரிந்தது உள்ளே போவதும் வெளியே வருவதும் மட்டும். அந்த ஒற்றை ஆட்டத்திலிருந்து இது வயலின், இது பாட்டு என்று பிரித்தெடுப்பது மூளை. இசைத்தட்டின் பள்ளம் தக்கையின் ஆட்டத்தை அப்படியே வரைந்து வைத்திருக்கிறது. மிச்ச வேலையை நம் தலையே பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கோட்டை வரைவதற்காகவே உலகம் சுற்றிய ஒருவர் இருந்தார். பெயர் ஃப்ரெட் கைஸ்பர்க். அமெரிக்கர். தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் வாஷிங்டனில் தொழில் பழகி, 1898இல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்கு வந்தவர். மேல்நாட்டுச் சங்கீதத்தில் 'இதைக் கேட்காமல் சாகாதே' என்று ரசிகர்கள் சொல்லும் பழைய பதிவுகளில் பாதியில் இவர் கை இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1902 ஏப்ரலில் மிலான் நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்துக் கருவிகளைப் பரப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் இசையமைப்பாளர் வெர்டி காலமானது அதே ஹோட்டலில்தான். பாட வந்தவர் என்ரிகோ கரூஸோ. இருவருக்குமே வயது 29. பத்துப் பாட்டுக்கு நூறு பவுன் கேட்டார் கரூஸோ. கட்டணம் அதிகம், பதிவு செய்யாதே என்று லண்டனிலிருந்து தந்தி வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஒரே பிற்பகலில் பத்தையும் பதிந்ததாகக் கைஸ்பர்க் பின்னாளில் எழுதினார்.

அந்த அறையில் மின்சாரத்துக்கு வேலை கிடையாது. கரூஸோ ஒரு தகரக் குழாயின் வாய்க்கு நேரே நின்று பாடினார். குழாயின் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு, தகட்டோடு ஒரு ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பள்ளத்தைத் தோண்டியது முழுக்க முழுக்க அவருடைய மூச்சின் பலம். அதனால் குழாய்க்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. ஏறக்குறைய 2500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் காது அடைத்துக்கொள்ளும். நமக்கோ 20,000 வரை கேட்கும். பெண்குரல் மேல்ஸ்தாயியில் ஆயிரத்தைத் தொட்டால், அதன் குழைவுக்குக் காரணமான மடங்கு அதிர்வுகளில் இரண்டு மடங்குக்கு மேற்பட்டவை எல்லைக்கு வெளியே போய்விடும். மிஞ்சுவது சீழ்க்கை. கரூஸோ மாதிரி ஆண்குரலின் உச்சம் ஐந்நூற்றுச் சொச்சம்தான். அதன் நாலு மடங்கு வரை உள்ளே நிற்கும், குரல் குரலாகவே கேட்கும். கரூஸோ பெரிய பாடகர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெண் பாடகர்களைக் கேட்டுவிட்டு 'என்ன, இவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் குழாயையும் கொஞ்சம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வயலினின் மெல்லிய சத்தம் ஏறாததால், மரப்பெட்டியை எடுத்துவிட்டு ஊதுகுழல் பொருத்திய ஒரு விநோத வயலினை வாசித்தார்கள். உச்சஸ்தாயி வரும்போது பாடுகிறவரின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்க ஆள் இருந்தது. மெழுகை ஓடவிட்டுக் கேட்டால் பள்ளம் அழிந்துவிடும். ஆகவே பாடியது எப்படி விழுந்தது என்று அறிய, அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதே ஆண்டின் இறுதியில் கைஸ்பர்க் கல்கத்தாவில் இருந்தார். நவம்பரில் குழாய்க்கு முன்னால் வந்து நின்றவர் கௌஹர் ஜான். விடிய விடிய விரிவாகப் பாடும் பழக்கமுள்ளவர், மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகம், பாட்டு, துரிதத் தானம் எல்லாவற்றையும் வைத்து முடித்தார். நம் ஊரில் கோயில் வீதிகளில் மணிக்கணக்காக வாசித்த தோடியை நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை சில நிமிடத் தட்டுக்குள் அடக்கிக்காட்டியது பிறகு வந்த கதை. கௌஹர் ஜானுக்குப் பார்த்துப் பழக முன்மாதிரி இல்லை. பாட்டு முடிந்ததும் சட்டென்று ஆங்கிலத்தில், உரத்த குரலில் அறிவிப்பார்: 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்!' பெருமைக்குச் சொன்னதல்ல. மெழுகு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும். அங்கே அச்சடிக்கிறவர்கள் லேபிளில் யார் பெயரைப் போடுவது என்று குழம்பாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. தொழிற்சாலை ஆட்களுக்குச் சொன்ன தகவல் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிட்டது. அவர் 1930இல் மைசூரில் இறந்தார். இன்று அந்தத் தட்டைக் கேட்கிறவர்கள் பலருக்குப் பாட்டைவிட அந்த அறிவிப்புதான் மனதில் நிற்கிறது. எனக்கும் அப்படித்தான்.

1925இல் மைக்ரோபோன் வந்தது. ஊசியை அசைக்கும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது, பதியும் எல்லை ஏறக்குறைய இரட்டிப்பானது, ஒரு முழு வாத்தியக் குழுவை அதன் அரங்கிலேயே வைத்துப் பதிய முடிந்தது. 1936இல் செல்லோ கலைஞர் பாப்லோ கஸால்ஸ் லண்டனில் பாஹின் செல்லோ தொகுப்புகளைப் பதியத் தொடங்கியபோதும் கைஸ்பர்க் உடனிருந்தார். அந்தத் தட்டுகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். நான் சொல்ல வந்தது வியன்னாவை.

1938 ஜனவரி 16. முசிக்ஃபெராய்ன் அரங்கில் வியன்னா ஃபில்ஹார்மனிக் குழு இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசிக்கிறது. நடத்துபவர் புரூனோ வால்டர், மாலரிடம் உதவியாளராக இருந்தவர். மாலர் இந்தச் சிம்பொனியைக் காதால் கேட்காமலேயே 1911இல் இறந்துபோனார். மறு ஆண்டு அதே வியன்னாவில் முதன்முதலாக அதை அரங்கேற்றியவர் வால்டர்தான். அதற்குப் பிறகு இந்தக் கச்சேரிவரை யாரும் அதை முழுதாகப் பதிந்ததில்லை. ஒரு மெழுகில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும், இசையோ எழுபது நிமிடம். கச்சேரியை நிறுத்தித் தட்டு மாற்ற முடியாது. அதனால் கைஸ்பர்க்கின் ஆட்கள் இரண்டு எந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒன்றின் மெழுகு தீரும் முன்பே மற்றது தோண்டத் தொடங்கிவிடும். முடிவில் வெளிவந்தது பத்துத் தட்டு, இருபது பக்கம். நான் போட்ட உத்தேசக் கணக்கில் பள்ளத்தின் மொத்த நீளம் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது.

அந்தச் சிம்பொனி முடிவதே அடங்கி அடங்கித்தான். கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும், அவையும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. இங்கேதான் இசைத்தட்டின் பலவீனம் வெளியே தெரியும். அரக்கில் கல்தூள் கலந்ததற்கு ஒரு காரணம், இரும்பு முள் முதல் சில சுற்றுகளில் தேய்ந்து பள்ளத்துக்குப் பொருந்திக்கொள்ள வேண்டும் என்பது. முள்ளைத் தேய்க்கிற அதே தூள்தான் கரகரவென்ற சத்தத்தையும் தருகிறது. இசை உரக்க இருக்கும்போது அது காதில் விழாது. வயலின்கள் மூச்சளவுக்கு இறங்கும்போது கரகரப்பு மட்டம் மாறாமல் நிற்க, இசை அதற்குள் மெல்ல மூழ்கிப்போகிறது.

அந்த இடத்தில் யாரோ இருமுகிறார்கள். முன்னேயும் ஒன்றிரண்டு இடத்தில் இருமல் உண்டு. ஜனவரிக் குளிர், அரங்கு நிறையக் கூட்டம், வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

சரியாக 55 நாள் கழித்து, மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான வால்டர் அப்போது ஆம்ஸ்டர்டாமில் இருந்ததால் தப்பினார். குழுவின் முதல் வயலின்காரர் அர்னால்ட் ரோஸே மாலரின் தங்கை கணவர், 1881 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். அவரையும் குழுவிலிருந்த மற்ற யூதர்களையும் வெளியேற்றினார்கள். ரோஸே லண்டனுக்குப் போய் 1946இல் அங்கேயே இறந்தார். அவருடைய மகள் ஆல்மா, அவரும் வயலின்காரர், 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். அன்று அரங்கில் இருமியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல யாருமில்லை. அவர்களுடைய அலையும் அந்தத் தக்கையைத் தொட்டது, பள்ளத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வால்டர் 1961இல் இதே சிம்பொனியை அமெரிக்காவில் ஸ்டீரியோவில் மறுபடி பதிந்தார். நிதானமானது, சுத்தமானது, ஒரு தொந்தரவும் இல்லாதது. நான் திரும்பத் திரும்பப் போவது 1938க்குத்தான்.

இந்தப் பழைய பதிவு இன்று இணையத்தில் தேடினால் கிடைக்கும், பல வடிவங்களில். கேட்பதென்றால் கரகரப்பைச் சுத்தமாக வடிகட்டியதை மட்டும் எடுக்காதீர்கள். வடிகட்டும் கருவிக்குக் கல்தூளின் சத்தமும் ஓர் அரங்கு முழுக்க மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும்.