பச்சை குத்திக்கொள்வதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

பச்சை குத்தும்போது தோலின் மேற்படையைத் தாண்டி, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில், கீழ்ப்படைக்குள் மை செலுத்தப்படுகின்றது. மேற்படை தொடர்ந்து உதிர்ந்து புதுப்பிக்கப்படும். கீழ்ப்படை அவ்வாறு உதிர்வதில்லை. அதனாலேயே உருவம் வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றது. கரிய மை காலப்போக்கில் தோலினூடாக நீலப்பச்சையாகத் தெரியும். ஊரில் மூதாட்டியரின் கைகளில் அதனைக் கண்டவர்கள் பெயரின் பொருத்தத்தை அறிவர்.

ஊசி சுத்தமற்றதாயின் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி போன்ற, இரத்தத்தால் பரவும் நோய்கள் தொற்றக்கூடும். ஆகவே இலண்டனின் எமது பகுதியில் பச்சை குத்தும் நிலையங்கள் 1991 ஆம் ஆண்டின் இலண்டன் உள்ளூராட்சி அதிகார சபைகள் சட்டத்தின் கீழ் எமது சபையிடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அழகுக்காகக் காது, மூக்கு குத்துவதும் இச்சட்டத்தில் அடங்கும். இணையத்தில் வாங்கிய கருவியுடன் வீட்டு அறையிலோ சமையலறையிலோ குறைந்த கட்டணத்தில் குத்திவிடுவோரிடம் இந்த அனுமதி இராது. தெரிந்தவர், உறவினர் என்பதற்காக அவர்களிடம் செல்லாதீர்கள்.

பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பச்சை குத்துவது 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவர் செய்வது மட்டுமே விலக்கு. பெற்றோர் உடன் வந்து கையொப்பமிட்டாலும் சட்டம் இடமளிக்காது. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் வற்புறுத்தலுக்கு, "சட்டம் அனுமதிக்காது" என்றே நீங்கள் உண்மையாகப் பதில் கூறலாம்.

நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதலில் தமது குடும்ப மருத்துவரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும். பழைய காயத்தழும்பு தடித்து மேலெழுந்திருப்பவர்களும் கேட்டறிவது நன்று. இவ்வகைத் தழும்பு தெற்காசியர் உள்ளிட்ட கருநிறத் தோலினரிடம் கூடுதலாக ஏற்படும். பச்சை குத்திய இடத்திலும் அது தோன்றலாம்.

குறித்த நாளன்று உணவு உண்டு செல்லுங்கள், மது அருந்தாதீர்கள். கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள். உடல்நிலை பற்றிய வினாக்களுக்கு விடையளித்து ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டியிருக்கும். பின்னர் அவ்விடத்து உரோமம் மழிக்கப்பட்டு, தோல் துடைக்கப்பட்டு, உருவத்தின் வரைவு தோலில் ஒற்றப்படும். எழுத்துகளாயின் இந்நேரத்தில் நீங்களே ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். தமிழ் தெரியாத கலைஞருக்குப் புள்ளி விடுபட்டதோ, கொம்பு இடம் மாறியதோ தெரியாது. வரைவை அழித்து மீண்டும் ஒற்றலாம். மையை அவ்வாறு அழிக்க இயலாது.

கலைஞர் புதிய கையுறை அணிந்து, முத்திரையிட்ட பொதியிலுள்ள ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். மையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். இவற்றில் ஐயம் எழுந்தால் எழுந்து வந்துவிட உங்களுக்கு உரிமையுண்டு. வலி இடத்துக்கு இடம் மாறும். மேற்கையின் வெளிப்புறத்தில் குறைவு, விலா எலும்பின் மேலும் பாதத்திலும் கூடுதல்.

மேற்றோல் ஆறப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். கைகளைக் கழுவிய பின்னரே அவ்விடத்தைத் தொடுங்கள். இளஞ்சூட்டு நீராலும் வாசனையற்ற சவர்க்காரத்தாலும் கழுவி, ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய் முதலிய வீட்டுப் பொருட்களைத் திறந்த காயத்தில் பூச வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆறும்வரை நீச்சற்குளத்தையும் கடும் வெயிலையும் தவிர்த்திடுங்கள். சில மாதங்களுக்கு இரத்ததானம் செய்ய இயலாது.

முதல் சில நாட்கள் சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் ஏற்பட்டாலோ தாமதியாது குடும்ப மருத்துவரை நாடுங்கள், அல்லது 111 ஐ அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். அனுமதியற்ற இடங்களைப் பற்றிச் சபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு அறிவியுங்கள்.