நாயும் மின்னதிர்ச்சிப் பட்டையும்

பெங்களூரு இரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஒக்கலிபுரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், ஒரு நாய் இரவு முழுவதும் குரைத்தால் பல வீடுகளில் உறக்கம் கெடும். இதைத் தடுக்கச் சிலர் நாடும் கருவி மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை. அதன் இரு முனைகள் நாயின் தோலைத் தொட்டிருக்கும். நாய் குரைத்தாலோ, உரிமையாளர் விசையை அழுத்தினாலோ மின்சாரம் பாயும்.

வலி குரைப்பை அடக்கலாம். குரைப்புக்குக் காரணமான அச்சத்தையோ தனிமையையோ அது போக்குவதில்லை. அதிர்ச்சி தாக்கும் வேளையில் எதிரே ஒரு குழந்தை நின்றால், நாய் அக்குழந்தையையே வலிக்குக் காரணமாகக் கொண்டு சீறவுங்கூடும். 1967-இல் அமெரிக்க உளவியலாளர் செலிக்மன், மேயர் ஆகியோர் நடத்திய சோதனையில், தப்ப இயலாத அதிர்ச்சிக்கு உள்ளான நாய்களுள் பல, பின்னர் வழி திறந்திருந்தும் தப்ப முயலாமல் துவண்டு கிடந்தன.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், விலங்குக்குத் தேவையற்ற வலி தருவதைக் குற்றமாகக் கொள்கிறது. எனவே இவ்வலி தேவையானதா என்பதே வினா. 2014-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், வெகுமதிப் பயிற்சியைக் காட்டிலும் இப்பட்டை மிகுந்த பயன் தரவில்லை எனக் கண்டனர். வேல்ஸ் நாடு 2010-லேயே இதற்குத் தடை விதித்துவிட்டது.

குரைப்பின் காரணத்தை அறிதல், நாள்தோறும் உலாவச் செய்தல், அமைதியாயிருக்கும்போது உணவளித்துப் பழக்குதல், நோயெனில் கால்நடை மருத்துவரை அணுகுதல் ஆகியவற்றையே களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.