டால்டனின் கண்ணும் யானையின் கண்ணும்

மாட்டுக்கு முன்னால் சிவப்புத் துணியைப் பிடித்தால் முட்ட வரும் என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். ஸ்பெயின் நாட்டு எருதுச் சண்டையைத் திரையில் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. தமிழ் படித்தவர்களுக்கோ இது இன்னும் பொருத்தமாகப் படும். கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்கிறது. மனிதனுக்குக் கோபம் வந்தால் கண் சிவக்கிறது, சரி. மாட்டின் கதை வேறு. சிவப்பைப் பச்சையிலிருந்து பிரித்தறிகிற ஏற்பாடு அதன் கண்ணில் இல்லை. துணியின் அசைவைக் கண்டுதான் அது பாய்கிறது. நீலத் துணியை ஆட்டினாலும் வரும்.

"அப்படியெண்டா மாட்டுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளைதானா சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதுவும் இல்லை. மாடு காண்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் உலகம். அதை விளங்கிக்கொள்ள, கண்ணுக்குள் இருக்கிற ஒரு பொருளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் கலங்கள் இரண்டு வகை. கோல் வடிவானவை மங்கல் வெளிச்சத்துக்கு. கூம்பு வடிவானவை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். மனிதக் கண் ஒன்றில் கோல்கள் ஏறத்தாழ 120 மில்லியன், கூம்புகள் ஏறத்தாழ 6 மில்லியன். இந்தக் கலங்களுக்குள் நிறைந்திருப்பதுதான் பார்வை நிறப்பொருள். அது இரண்டு துண்டுகள் சேர்ந்தது. ஒன்று ஒப்சின் என்ற புரதம். மற்றது ரெட்டினல் என்ற சிறிய மூலக்கூறு. விற்றமின் ஏயிலிருந்து உண்டாவது. இருட்டில் ரெட்டினல் முழங்கை மாதிரி மடங்கி ஒப்சினின் மடிக்குள் கிடக்கும். ஓர் ஒளித்துணிக்கை பட்டதும் அது நிமிர்கிறது. அது நிமிர, சுற்றியிருக்கும் ஒப்சினும் உருவம் மாறுகிறது. அந்த மாற்றம் கலத்துக்குள் சங்கிலித் தொடராய் ஓடி நரம்புச் செய்தியாகிறது. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இவ்வளவுதான், மடங்கியதை நிமிர்த்துவது.

நிமிர்ந்த ரெட்டினல் ஒப்சினை விட்டுக் கழன்றுவிடும். அப்போது நிறப்பொருள் வெளிறிப்போகும். மறுபடி மடக்கிப் பூட்டினால்தான் அடுத்த பார்வைக்கு உதவும். ரோம் நகரில் பணியாற்றிய ஜேர்மன் அறிஞர் பிரான்ஸ் பொல் 1876இல் தவளையின் விழித்திரையில் இதைக் கண்டார்: இருட்டிலிருந்து எடுத்த விழித்திரை செந்நிறமாய் இருந்தது, வெளிச்சம் பட்டதும் நிறம் இழந்தது. விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதை 1933இல் கண்டறிந்தவர் ஜோர்ஜ் வோல்ட். 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். மாலைக்கண் ஏன் வருகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. விற்றமின் ஏ குறைந்தால் கோல்களில் நிறப்பொருள் குறையும். மஃரிபுக்குப் பிறகு பிள்ளை தட்டுத் தடுமாறும். ஈரல், முருங்கையிலை, பப்பாசி, கரட் என்று நம் உம்மாமார் ஊட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் இனிச் சொல்லப்போகிற குறைக்கு கரட்டால் பயன் இல்லை.

இந்த இடத்தில் இப்னு ஹைதமை நினைக்காமல் போக முடியாது. ஒளி கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று கிதாபுல் மனாழிரில் நிறுவ வந்தபோது அவர் எடுத்த முதற் சான்றுகளில் ஒன்று மிக எளியது. பிரகாசமான பொருளை நெடுநேரம் பார்த்துவிட்டு மங்கலான இடத்தைப் பார்த்தால், அந்தப் பொருளின் உருவம் கண்ணில் தங்கி நிற்கிறது. ஆகவே ஒளி கண்ணில் ஏதோ செய்கிறது. அந்த 'ஏதோ' என்ன என்று தெரிய இன்னும் எட்டு நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. எல்லாம் அப்போதே நம்மவர்களுக்குத் தெரியும் என்று சிலர் மேடையில் முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. நிறப்பொருள் அவருக்குத் தெரியாது. கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார், அதுதான் பெரிது.

சரி, நிறம் எப்படித் தெரிகிறது? ரெட்டினல் எல்லாக் கூம்புகளிலும் ஒன்றே. ஒப்சின்தான் வேறுபடும். ஒப்சினின் அமைப்பைப் பொறுத்து நிறப்பொருள் ஒளியின் எந்த அலைநீளத்தை அதிகம் பிடிக்கும் என்பது மாறும். மனிதனின் மூன்று வகைக் கூம்புகளும் ஏறத்தாழ 420, 530, 560 நனோமீற்றரில் உச்சமாகப் பிடிப்பவை. இவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பொருத்தமான பெயரிடல் இல்லை. 'சிவப்பு'க் கூம்பின் உச்சம் மஞ்சள் கலந்த பச்சையில் விழுகிறது.

ஒரு கூம்பு தனியாக எந்த நிறத்தையும் காண்பதில்லை. பள்ளிவாசல் உண்டியலைத் திறந்து எண்ணினால் ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் போட்டதா, பத்துப் பேர் நூறு நூறாகப் போட்டதா என்று அந்தத் தொகையை வைத்துச் சொல்ல முடியுமா? கூம்பும் அப்படித்தான். எத்தனை ஒளித்துணிக்கை பிடிபட்டது என்று மட்டும் சொல்லும். தனக்கு நன்றாகப் பிடிபடும் நிறத்தின் மங்கல் ஒளியும், குறைவாகப் பிடிபடும் நிறத்தின் கடும் ஒளியும் அதற்கு ஒன்றே. வேறுவேறு நிறப்பொருள் கொண்ட இரண்டு கூம்புகளின் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நிறம் பிறக்கிறது. நிலா வெளிச்சத்தில் நிறம் தெரியாததும் இதனால்தான். அப்போது வேலை செய்யும் கோல்கள் எல்லாவற்றிலும் ஒரே நிறப்பொருள், ஒப்பிட ஆளில்லை.

தேனீக்கு நிறம் தெரியும் என்று 1914இல் கார்ல் வொன் பிரிஷ் காட்டிய விதமும் இதையொட்டியதுதான். நீல அட்டையில் சீனிப்பாணி வைத்துப் பழக்கினார். பிறகு அதைப் பல்வேறு அளவுச் சாம்பல்நிற அட்டைகளுக்கு நடுவே கலந்து வைத்தார். வெளிச்ச அளவை மட்டும் பார்க்கிற கண்ணாக இருந்தால், ஏதாவதொரு சாம்பல் அட்டையை நீலமென்று எடுத்திருக்கும். தேனீக்கள் பிழைவிடாமல் நீலத்துக்கே வந்தன. தேனீக்கும் மூன்று நிறப்பொருள்கள்தான், ஆனால் ஒன்று நமக்குத் தெரியாத புறஊதாவைப் பிடிக்கிறது. நமக்குத் தெரியும் சிவப்பு அதற்குத் தெரியாது. பறவைகள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வகைக் கூம்பு. கிளியின் கண்ணோடு ஒப்பிட்டால் நாமே நிறக்குருடர்கள்!

முலையூட்டிகளின் மூதாதையர் நெடுங்காலம் இரவுப் பிராணிகளாக வாழ்ந்தபோது, முன்பிருந்த நான்கு வகையில் இரண்டை இழந்துவிட்டன. மாடு, நாய், மான் எல்லாம் மிச்சமிருந்த இரண்டோடு வாழ்பவை. செம்மஞ்சள் நிறப் புலி பச்சைக் காட்டில் எப்படி ஒளிகிறது என்று யோசித்ததுண்டா? மானின் கண்ணுக்கு அந்தச் செம்மஞ்சளும் இலையின் பச்சையும் ஏறக்குறைய ஒன்றே. திமிங்கிலத்துக்கு ஒரு வகைக் கூம்புதான். மறுபக்கம், மான்டிஸ் இறால் எனப்படும் கடற்பிராணியில் நிறத்துக்கென்றே பன்னிரண்டு வகை உண்டு. பன்னிரண்டு இருந்தும், அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசம் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒப்பிடும் வேலை நடக்காவிட்டால் எண்ணிக்கையால் ஆவதென்ன?

ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகளின் மூதாதையரில் ஒரு ஒப்சின் பரம்பரையலகு இரட்டித்து, சற்று வேறுபட்டு, மூன்றாவது நிறப்பொருள் வந்தது. நமது கூரையில் ஓடித் திரிகிற குரங்குக்கும் நமக்கும் அது பொது. இப்படிப் பின்னால் வந்ததால்தான் அந்த இரண்டு பரம்பரையலகுகளும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கின்றன. பரம்பரை வழியே கடத்தப்படும்போது ஒன்று தவறிப்போவது எளிது.

இங்கிலாந்தின் ஜோன் டால்டனுக்கு நேர்ந்தது அதுதான். அணுக்கொள்கையால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அதே டால்டன். பகலில் வானநீலமாய்த் தெரிந்த ஜெரேனியம் பூ, மெழுகுதிரி வெளிச்சத்தில் முற்றிலும் வேறு நிறமாய்த் தெரிந்ததை 1792இல் கவனித்தார். நண்பர்களுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை, கூடப்பிறந்த சகோதரனுக்குத் தெரிந்தது. 1794இல் மன்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயம் படிந்தது, அதனால் சிவப்பு உறிஞ்சப்படுகிறது என்பது அவருடைய விளக்கம். தான் இறந்த பின் கண்ணைத் திறந்து பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். 1844இல் அவர் மௌத்தானதும் வைத்தியர் திறந்து பார்த்தார். திரவம் தெளிவாகவே இருந்தது. விளக்கம் பிழை.

ஆனால் கண்கள் எறியப்படவில்லை. பாதுகாத்து வைத்திருந்த இழையத்திலிருந்து 1995இல் டீ.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். நடு அலைநீளத்தைப் பிடிக்கும் நிறப்பொருளுக்கான, அதாவது 'பச்சை'க் கூம்புக்கான பரம்பரையலகு அவரிடம் இல்லை. தன் பிழையைக் கண்டுபிடிக்கத் தேவையான பொருளைத் தானே விட்டுச்சென்ற ஆய்வாளர்கள் எத்தனை பேர்?

2005இல் ஆபிரிக்க யானையின் கண் நிறப்பொருள்களை அளந்தார்கள். இரண்டுதான் இருந்தன. ஒன்றின் உச்சம் 419, மற்றது 552 நனோமீற்றர். டால்டனைப் போன்ற குறையுள்ள மனிதரிடம் இருக்கும் சோடியும் கிட்டத்தட்ட இதுவே. யானையிடம் இருந்தால் அது இயல்பு, மனிதனிடம் இருந்தால் குறை! பகலும் இரவும் நடமாடும் யானைக்கு அந்தக் கண் போதும். சிவப்புப் பேனையால் திருத்தும் வாத்தியார் யானைக்கு இல்லையே.

ஆண்பிள்ளைக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றுதான், அதுவும் உம்மாவிடமிருந்து வருவது. அதில் பழுதிருந்தால் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. பெண்பிள்ளைக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறாள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கும் பெண்களில் அரை சதவீதத்தினருக்கும் சிவப்பு பச்சைக் குறை உண்டு. ஆசிய ஆண்களிடையே இது சற்றுக் குறைவு. குறைந்தாலும், நாற்பது ஆண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவராவது இருக்க இடமுண்டு. உம்மாவின் வாப்பாவுக்கு இருந்தது பேரனுக்கு வரும். இடையில் உம்மாவுக்கு ஒன்றுமே தெரியாமலிருக்கலாம். இதில் யாரையும் குற்றஞ்சொல்ல ஏதுமில்லை.

இந்தப் பிள்ளைக்குத் தன் கண் வேறென்று தெரியாது. இலை பச்சை, செவ்வரத்தம்பூ சிவப்பு என்று சொல்லிப் பழகியிருப்பான். கேட்டால் சரியாகவே சொல்வான். தேசப்படத்துக்கு நிறம் தீட்டும்போதுதான் மாட்டிக்கொள்வான். மலையைப் பச்சையாகவும் காட்டை மண்ணிறமாகவும் தீட்டியதற்கு ஏச்சு வாங்கிய ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது: "சேர், பென்சில்ல பேர் எழுதியிருந்தாச் சரியா எடுப்பன். சீவிச் சீவிப் பேர் போயிட்டு." அவன் நிறத்தை வாசித்தே வந்திருக்கிறான்.

டோக்கியோவின் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களால் சில நிமிடங்களில் இதைக் கண்டறியலாம். கண் வைத்தியரிடம் இருக்கும். மாற்றுச் சிகிச்சை மனிதருக்கு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. 2009இல் அமெரிக்காவில், பிறப்பிலேயே இரண்டு நிறப்பொருள் மட்டும் கொண்ட வளர்ந்த அணிற்குரங்குகளுக்கு இல்லாத பரம்பரையலகைக் கண்ணில் செலுத்தினார்கள்; சில மாதங்களில் முன்பு பிரித்தறியாத நிறங்களைப் பிரித்தறிந்தன. அவற்றில் ஒரு குரங்கின் பெயர் டால்டன்.

வகுப்பறையில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பச்சைப் பலகையில் சிவப்பு வெண்கட்டியால் எழுதுவதை விடலாம். வெள்ளையும் மஞ்சளும் எல்லோருக்கும் தெரியும். வரைபில் இரண்டு கோடு வந்தால் ஒன்றைப் புள்ளிக்கோடாகப் போடலாம். தேசப்படத்தில் நிறத்தோடு கோடுகளையும் எழுத்தையும் சேர்க்கலாம். நிறப்பென்சிலைப் பெயர் இல்லாத பக்கமாகச் சீவச் சொல்லலாம்.