பனிமலையில் எந்த இடம் ஆபத்து?

பனிச்சறுக்கு என்றதும் நம் கண்ணில் நிற்பது வெட்டவெளி மலைச்சரிவும் வீசியடிக்கும் குளிர்காற்றும்தான். கொரோனா காலத்தில் இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் சறுக்க வருகிறவர்கள் நாள் முழுக்கச் சரிவில் நிற்பதில்லை. தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

2020 மார்ச்சில் ஐரோப்பிய மலைகள் அவசர அவசரமாக மூடப்பட்டன. அங்கே யாருக்கும் ஆயத்தம் செய்ய நேரமே இருக்கவில்லை. நியூசிலாந்தின் நிலைமை வேறு. அங்கே குளிர்காலம் ஜூனில்தான் தொடங்கும். பெருந்தொற்று வந்துவிட்டது என்று தெரிந்தபிறகு, ஒரு முழுப் பருவத்துக்குத் திட்டமிட வேண்டிய முதல் சில நாடுகளில் அதுவும் ஒன்று.

அந்த நாட்டின் கேன்டர்பரி மலைகளில் கிரெய்கிபர்ன், புரோக்கன் ரிவர், டெம்பிள் பேசின் என்று பல சறுக்குத்தளங்கள் இருக்கின்றன. இவற்றை நடத்துவது பெரிய முதலாளிகள் இல்லை, உறுப்பினர் சங்கங்கள். இலையுதிர் காலத்தில் உறுப்பினர்களே மலையேறி வந்து கம்பிவடத்தைச் சரிபார்ப்பார்கள், விடுதிக் கூரையைப் பழுதுபார்ப்பார்கள், பருவத்துக்கான எரிபொருளையும் மளிகையையும் மேலே சேர்ப்பார்கள். சமையலும் பாத்திரம் கழுவுவதும்கூட முறைவைத்துத்தான். டெம்பிள் பேசினுக்குச் சாலையிலிருந்து நடந்தே ஏற வேண்டும். மூட்டை முடிச்சு மட்டும் கம்பிவடத்தில் போகும்.

இந்தத் தளங்களில் மேலே போக நாற்காலியோ கண்ணாடிக் கூண்டோ பெரும்பாலும் கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வடம்தான். இடுப்புப் பட்டையில் தொங்கும் இரும்புக் கவ்வி பாக்குவெட்டிபோல அந்த வடத்தைக் கடிக்கும். ஆளை மேலே இழுத்துப்போகும். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, திறந்த வெளியில். ஆல்ப்ஸ் மலையின் மூடிய கூண்டுகளில் தோளோடு தோள் உரசி நின்றவர்களுக்கு இருந்த கவலை இங்கே இல்லை. வாடகை இடுப்புப் பட்டைகளைத் துடைத்துக் கொடுத்தால் போதும்.

கவலை விடுதியில் இருந்தது. அதற்கு ஒரு சாட்சி முன்பே பிரான்சில் கிடைத்திருந்தது. 2020 ஜனவரி கடைசியில், சிங்கப்பூரில் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர் லே கோந்தமீன் என்ற மலையூரின் விடுதியொன்றில் நான்கு நாள் தங்கினார். அவரையும் சேர்த்து அங்கிருந்த 16 பேரில் 12 பேருக்குத் தொற்று. அவர்களில் ஒரு குழந்தை நோய் அறிகுறியோடு மூன்று பள்ளிகளுக்குப் போய்வந்திருந்தது. வெளியில் தொடர்பிலிருந்த 172 பேரைக் கண்காணித்தார்கள்; பரிசோதித்த 73 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. ஒரே ஒரு நிகழ்வை வைத்து விதி எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்குவது எத்தனை பெரிய விஷயம் என்பதை அது காட்டிவிட்டது.

சங்க விடுதியை நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். எல்லோரும் கூடிச் சமைக்கும் ஒரே அடுப்படி. நனைந்த கையுறைகளும் காலணிகளும் காயும் வெக்கையான அறை. வெளியே உறையும் குளிர் என்பதால் சன்னல்கள் இறுக மூடியிருக்கும். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இரவெல்லாம் இழுக்க வேண்டிய இடம் அது. இங்கேதான் எனக்கு ஆதங்கம். அந்த மாதங்களில் உலகம் முழுக்கக் கைப்பிடியையும் மேசையையும் துடைப்பதில்தான் உழைப்பெல்லாம் போனது. காற்று வழியாகவும் பரவுகிறது, அதைக் கவனியுங்கள் என்று 239 அறிவியலாளர்கள் ஆதரவு தெரிவித்த கடிதம் 2020 ஜூலையில்தான் வெளியானது. அதற்குள் தென்பாதி உலகத்தில் பருவம் தொடங்கிவிட்டது. கிருமிநாசினிக்குப் போன பணத்தில் பாதியாவது காற்றோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். கட்டில்களைப் பாதியாகக் குறைப்பது, ஓர் அறைக்கு ஒரே குடும்பம், சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி, குளிர்ந்தாலும் சன்னலில் ஒரு சாண் திறப்பு: இவைதான் உண்மையில் பயன் தரக்கூடியவை.

ஆயத்தத்துக்கு நேரம் கிடைத்ததா என்றால், அதுவும் பாதிதான். மார்ச் 25 நள்ளிரவில் நியூசிலாந்து முழு ஊரடங்குக்குள் போனது. சங்கங்கள் மலைக்குப் போய் வேலை பார்க்க வேண்டிய இலையுதிர் காலம் அப்படியே கரைந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இதுபோன்ற சங்கங்களில் எந்த இயந்திரம் எப்படி முரண்டுபிடிக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் மூத்த உறுப்பினர்களின் கைக்குத்தான் தெரியும். நாட்டின் எல்லையும் மூடியதால், வழக்கமாக வடபாதி உலகிலிருந்து வரும் பருவகாலப் பணியாளர்களும் வர வழியில்லை.

பிறகு கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது; நிலையின் எண் குறையக் குறைய விதியும் தளரும். மே 14 முதல் இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு. பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தொடங்கி, மாதக் கடைசியில் அது நூறாக உயர்ந்தது. ஜூன் 8 நள்ளிரவில் முதலாம் நிலை வந்து, இடைவெளி விதிகளே நீங்கின. முன்பதிவுப் பட்டியல், இருவேறு பந்தி எல்லாம் வீண் வேலை என்று அப்போது யாருக்காவது தோன்றியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆகஸ்ட் 11 மாலை ஆக்லாந்தில் புதிய தொற்று தெரியவந்தது. மறுநாள் நண்பகலிலிருந்து அந்த நகரம் மூன்றாம் நிலைக்கும், கேன்டர்பரி உட்பட மற்ற பகுதிகள் இரண்டாம் நிலைக்கும் போயின. பனி நன்றாக விழுந்துகொண்டிருக்கும் மாதம் அது. திட்டத்தைக் கையில் வைத்திருந்த சங்கம் அதை எடுத்து விரிக்கலாம். இல்லாத சங்கம் ஒரே இரவில் எழுத வேண்டும்.

ஆகவே இப்படி ஒரு சங்கத்தின் செயலாளர் என்னிடம் யோசனை கேட்டால் மூன்றைச் சொல்வேன். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக, ஒரே பக்கத்தில் விதியை எழுதி வையுங்கள். பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கட்டிய பணம் போய்விடுமே என்று இருமலோடு கிளம்பி வருகிறவரும் இருக்கலாம். இயந்திரம் அறிந்த மூத்தவரோடு இளையவர் ஒருவரை இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள். அடுத்த தொற்று எந்த மாதம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.