மின்னேறிய தூசி
விண்ணின் விளிம்பில் – 7

விருத்தாசலத்துச் செராமிக் கூடங்களில் பொம்மை வார்க்கக் களிமண் கரைசல் தயாராவதைப் பார்த்திருக்கிறீர்களா? கெட்டியாகக் கிடக்கும் கரைசலில் துளி சோடியம் சிலிகேட் விட்டுக் கலக்குவார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாமலே அது இளகி, மோர்போல் ஓடி அச்சுக்குள் இறங்கும். மண் துகள்களின் எதிர்மின்னூட்டம் ஓங்கி, அவை ஒன்றையொன்று தள்ளி நிற்பதே காரணம். அளவு மிஞ்சினால் மறுபடியும் கெட்டிப்படும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும்.

துகளில் மின் ஏறினால் முழுக் கரைசலின் குணமே மாறுகிறது. தலைக்கு மேல் 80 முதல் 90 கி.மீ. உயரத்திலும் நடப்பது அதுதான். விண்கற்கள் காற்றில் உரசி ஆவியாகின்றன. அந்த ஆவி குளிர்ந்து, நானோமீட்டர் அளவுப் புகைத் துகள்களாய் மிதக்கிறது. அதே உயரத்தில் சூரியக் கதிர் வாயுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துப் பிளாஸ்மாவை உண்டாக்குகிறது. எலெக்ட்ரான் இலேசானது, வேகமானது. அயனிகளை முந்திப் போய்த் துகளில் ஒட்டிக்கொள்கிறது. தூசியில் மின் ஏறிய இந்தக் கலவைக்குத் தூசிப் பிளாஸ்மா என்று பெயர்.

இதன் ஆட்டம் துருவத்தில்தான் நன்கு தெரியும். அங்கே கோடைக்காலத்தில் இந்த உயரம் சுமார் மைனஸ் 140 டிகிரி செல்சியஸ் வரை குளிர்கிறது. புகைத் துகள்மேல் பனி படிகிறது. 1885-இல் ஐரோப்பியர் முதலில் கவனித்த, இரவிலும் ஒளிரும் மேகங்கள் இந்தப் பனித்துகள்களே. அந்த அடுக்கைக் கடக்கும் ராக்கெட்டுகளின் கருவிகள் எலெக்ட்ரான் எண்ணிக்கை சட்டெனக் குறைவதைக் காட்டின. துகள்கள் அவற்றை விழுங்கியிருந்தன.

எலெக்ட்ரான் குறைந்தால் ரேடார் எதிரொலியும் மங்கவேண்டும். ஆனால் அங்கே எதிரொலி பலமாக வருகிறது! கனமான, மின்னேறிய பனித்துகள்கள் மிச்ச எலெக்ட்ரான்களை எளிதில் பரவவிடுவதில்லை. காற்றுச் சுழல் கலைத்துப்போட்ட மேடுபள்ளங்கள் எலெக்ட்ரான் அடர்த்தியில் அழியாமல் நிற்கின்றன. ரேடார் அலை அவற்றில் பட்டுத் திரும்புகிறது. நார்வேயின் திராம்சோவில் வலுவான ரேடியோ அலையால் எலெக்ட்ரான்களைச் சூடேற்றி அவற்றின் பரவலை விரைவாக்கியபோது எதிரொலி மங்கியது, நிறுத்தியதும் மீண்டது. பரவலைக் கட்டுப்படுத்துவது மின்னேறிய துகள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

விருத்தாசலத்துக்கு வடக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், திருப்பதி அருகே கடங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார் இதே உயரங்களை நோக்கியிருக்கிறது. நம் வானம் பனித்துகள் உண்டாகும் அளவுக்குக் குளிர்வதில்லை. அதனால் இங்கே கிடைக்கும் எதிரொலிகளுக்குக் காற்றுச் சுழலே முதன்மைக் காரணம். ஆனால் விண்கல் புகைக்குத் துருவம், தெற்கு என்ற பேதமில்லை. அது விருத்தாசலத்து மணிமுத்தாற்றின் மேலும் மிதக்கிறது.

துடைத்துப் போடவேண்டியது என்றே தூசியை நினைக்கப் பழகிவிட்டோம். அச்சுக்குள் கரைசலை ஓடவைப்பதும், விண்ணின் விளிம்பில் எலெக்ட்ரான்களைக் கட்டிவைப்பதும் அந்தத் தூசியில் ஏறிய மின்னே என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விருத்தாசலத்தைவிட நல்ல வகுப்பறை வேறில்லை.

1883 செப்டம்பரில் சென்னை மக்கள் பச்சைச் சூரியனைப் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த எரிமலைத் தூசியின் அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)